ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால்: கொங்குக் காடுகளில் தீத்தடுப்பும் மூன்று மாநில எல்லையும்

மாசி, பங்குனி வந்தால் கோயம்புத்தூர், நீலகிரி, ஈரோடு மாவட்டச் செய்திகளில் தவறாமல் ஒரு படம் வருகிறது. மலைச்சரிவில் புகை, மேலே சூலூரிலிருந்து வந்த விமானப்படை ஹெலிகாப்டர், அதன் வயிற்றுக்குக் கீழே கயிற்றில் தொங்கும் ஒரு பெரிய தண்ணீர்ப் பை. அதைப் பார்த்துவிட்டுப் பலரும் கேட்கும் கேள்விகள் நியாயமானவைதான். இவ்வளவு தண்ணீர் ஊற்றியும் ஏன் நாலைந்து நாள் எரிகிறது? ஹெலிகாப்டரை முதல் நாளே அனுப்பினால் என்ன? தீ கர்நாடகப் பக்கம் இருக்கிறது, கேரளப் பக்கம் இருக்கிறது என்கிறார்களே, காட்டுக்குள் அப்படி ஒரு கோடு இருக்கிறதா, அதைத் தாண்டிப் போய் அணைத்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?

பதில் சொல்ல வேண்டுமானால் தீ எப்படி எரிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எல்லைப் பிரச்சினை அப்புறம்தான் புரியும்.

## நம் காட்டில் எரிவது எந்த வகைத் தீ

காட்டுத்தீ என்றதும் தொலைக்காட்சியில் பார்த்த கலிபோர்னியா, ஆஸ்திரேலியா தீதான் நினைவுக்கு வரும், மரத்தின் உச்சியிலிருந்து உச்சிக்குத் தாவும் தீ. அதற்கு உச்சித்தீ என்று பெயர். நம் பக்கம் சத்தியமங்கலம், முதுமலை, ஆனைமலை அடிவாரக் காடுகளில் எரிவது பெரும்பாலும் தரைத்தீ. இவை இலையுதிர் காடுகள். தேக்கு, வேங்கை, மருது எல்லாம் தை மாதத்திலிருந்து இலையைக் கொட்ட ஆரம்பித்துவிடும். மாசியில் தரை முழுக்கச் சருகு, அதற்கு மேல் இடுப்பளவு காய்ந்த புல். தீ இந்த இரண்டிலும்தான் ஓடுகிறது. பெரிய மரங்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். அடுத்த தலைமுறைக்கான நாற்றுகள், தரையில் கூடு கட்டும் பறவைகள், ஆமை, பல்லி வகைகள் தப்பிப்பதில்லை.

நீலகிரியின் மேல்மட்டம் வேறு மாதிரி. அங்கே வெள்ளைக்காரர் காலத்திலிருந்து நட்டு வளர்த்த கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை (வாட்டில்), பைன் காடுகள் இருக்கின்றன. கற்பூர மரத்தின் இலையில் எண்ணெய் இருக்கிறது, பைன் ஊசியிலை மெத்தை மாதிரி சேர்ந்துவிடும். இங்கே தீ பிடித்தால் வேகமும் சூடும் அதிகம், அணைத்த இடத்திலேயே வேருக்கடியில் புகைந்து மறுநாள் மறுபடி கிளம்பும்.

தீயின் வேகத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன.

1. எரிபொருள். சருகும் புல்லும் இயற்கையாகவே வருபவை. பிரச்சினை உன்னிச்செடி. வெளிநாட்டிலிருந்து அலங்காரச் செடியாக வந்து இன்று முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம் காடுகளின் கீழ்த்தளத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் புதராக வளர்வதால் தரையில் ஓடும் தீயை ஏணி போலத் தூக்கி மரக்கிளைக்குக் கொண்டுபோகும். மூங்கில் பூத்து முடித்துக் கூட்டமாகச் செத்துப்போன இடங்களில் காய்ந்த மூங்கில் மலைபோல் கிடக்கும், எரியும்போது கணு கணுவாக வெடித்து நெருப்புக் கங்குகளை எறியும். அந்தக் கங்குதான் வெற்றுத் தரையையும் தாண்டி அடுத்த தீயை ஆரம்பித்து வைக்கிறது.

2. சரிவு. தீ மேல்நோக்கி ஓடும்போது தனக்கு முன்னாலிருக்கும் புல்லைச் சூடாக்கிக் காயவைத்துக்கொண்டே போகிறது. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பில் ஒரு பொதுக் கணக்கு. ஓடித் தப்பிக்க நினைப்பவர்கள் மேட்டை நோக்கி ஓடுவது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்தே தெரியும்.

3. காற்றும் ஈரப்பதமும். பகல் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை உச்சம். இரவில் காற்றில் ஈரம் ஏறித் தீ படுத்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ள வனத்துறை ஆட்கள் பின்னிரவிலும் விடியற்காலையிலும் போய் அணைக்கிறார்கள், மத்தியானம் முன்னால் நின்று மல்லுக்கட்டுவதில்லை.

வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷம் இந்த மூன்றும் ஒன்றுசேரும். கோடை மழை ஒன்றிரண்டு இறங்கிவிட்டால் அந்த வருஷம் பிழைத்தோம்.

## தீ தானாகப் பிடிப்பதில்லை

மூங்கில் உரசித் தீப்பிடிக்கிறது என்று இன்னும் சொல்கிறார்கள். நம் காடுகளில் பிடிக்கும் தீயில் கிட்டத்தட்ட எல்லாமே மனிதர் வைத்தது, தெரிந்தோ தெரியாமலோ. திம்பம் மலைப்பாதையில் லாரி ஜன்னலிலிருந்து விழும் பீடித்துண்டு, மாடு மேய்க்கப் புதுப்புல் முளைக்கட்டும் என்று கொளுத்துவது, தேன் எடுக்கப் புகை போட்டுவிட்டு அணைக்காமல் வருவது, உதிர்ந்த மான்கொம்பு கண்ணில் படட்டும் என்று சருகை எரிப்பது, தோட்டத்துக் குப்பைக்கு வைத்த தீ காற்றில் வரப்பைத் தாண்டுவது, சில சமயம் வனத்துறை மேல் கோபத்தில் வைப்பது. வெள்ளியங்கிரி மலை ஏறும் காலமும் பிப்ரவரி முதல் மே வரைதான், அதாவது தீப்பருவம் முழுக்க. பூண்டி அடிவாரத்தில் பையைச் சோதிக்கும்போது சலித்துக்கொள்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் ஏறும் காய்ந்த மலையில் ஒரே ஒரு தீப்பெட்டி போதும்.

பழங்குடிகள் மேல் பழி போடுவது எளிது, நடக்கவும் செய்கிறது. ஆனால் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களிடம் 'தரகு பெங்கி' என்றொரு வழக்கம் இருந்தது. கோடையின் தொடக்கத்திலேயே, தரையில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும்போது, சருகை மட்டும் மெல்ல எரித்துவிடுவது. சூடு குறைவு, மரத்துக்குச் சேதம் இல்லை, பங்குனியில் பெரிய தீக்குத் தீனியும் இல்லை. காடு சரணாலயமான பிறகு அது தடை செய்யப்பட்டது. அதற்கப்புறம்தான் உன்னிச்செடி காட்டை மூடியது என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள், எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. என் பார்வையில், அந்த அறிவைக் கேட்டு, இடம் பார்த்து, வனத்துறை மேற்பார்வையில் பயன்படுத்துவதில் இழப்பு எதுவும் இல்லை.

## தீத்தடுப்புக் கோடு: செய்தியில் வராத வேலை

தீத்தடுப்புக் கோடு என்பது காட்டை வெட்டிப் பிரிக்கும் வெற்றுத் தரை. ஒரு பக்கம் தீ வந்தால் இந்தப் பக்கம் தாண்ட எரிபொருள் இல்லாமல் நின்றுவிட வேண்டும். உட்காட்டில் 3 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை, சாலையோரத்திலும் மாநில எல்லையிலும் அதற்கு மேலும் அகலம் வைப்பார்கள்.

வேலை மார்கழி, தையில் நடக்கும். ஒரு குழு கொடுவாளோடு முன்னால் போய் உன்னியையும் புல்லையும் வெட்டிச் சாய்க்கும். வெட்டியதைக் கோட்டின் நடுவே இழுத்துப் போட்டுச் சில நாள் காயவிடுவார்கள். அப்புறம் காற்று அடங்கிய ஒரு சாயங்காலம், அல்லது பனி விலகாத காலையில், இரண்டு ஓரத்திலும் பச்சைத்தழைக் கட்டோடு ஆட்களை நிறுத்திக்கொண்டு நடுவில் தீ வைப்பார்கள். நெருப்பு ஓரத்தைத் தொடப் பார்த்தால் தழையால் அடிக்க வேண்டும், ஓங்கி அடித்தால் கங்கு பறந்துவிடும் என்பதால் அழுத்தித் துடைப்பது போல அடிப்பார்கள். எரிந்து முடிந்ததும் பாதி கருகிய கட்டைகளை உள்ளே தள்ளி, மண் போட்டு மூடி, கடைசி ஆள் திரும்பி நடந்து பார்த்துக்கொண்டே வருவார். இதோடு முடிவதில்லை. மரங்கள் மேலிருந்து இலை கொட்டிக்கொண்டே இருக்கும், இரண்டு வாரத்தில் கோடு மறுபடி சருகால் மூடிவிடும். அதைப் பங்குனி முடியும்வரை கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது பல வனச்சரகங்களில் சருகை ஊதித் தள்ளும் ப்ளோயர் இயந்திரங்கள் வந்திருக்கின்றன, வேலை பாதியாகக் குறைகிறது.

இதைச் செய்பவர்கள் யார்? வனக்காப்பாளர், வேட்டைத் தடுப்புக் காவலர், அப்புறம் கோடைக்கு மட்டும் தற்காலிகமாக எடுக்கப்படும் தீக்காவலர்கள், பெரும்பாலும் இருளர், சோளகர், ஊராளி, குறும்பர், காட்டுநாயக்கர் ஊர்களிலிருந்து. கோட்டுக்கான பணமும் இவர்களுக்கான கூலியும் தை மாதத்துக்குள் சரகத்துக்கு வந்து சேர்ந்தால் கோடு மாசிக்கு முன் தயார். பங்குனியில் வந்தால் எரிந்த காட்டுக்குக் கோடு போட்ட கதைதான். தீத்தடுப்புக்கென்று மத்திய அரசும் மாநிலமும் பங்கிடும் ஒரு திட்டமும், 2018ல் வந்த தேசியக் காட்டுத்தீ செயல்திட்டமும் இருக்கின்றன. காகிதத்தில் குறை பெரிதாக இல்லை, தேதியில்தான் எல்லாம் இருக்கிறது.

## ஹெலிகாப்டர் கணக்கு

விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டரில் தொங்கும் அந்தப் பைக்கு பாம்பி பக்கெட் என்று பெயர். ஒரு தடவைக்குச் சுமார் 3,500 லிட்டர் மொள்ளும். 2024 மார்ச்சில் குன்னூர் ஃபாரஸ்ட்டேல் பகுதியில் எரிந்தபோது விமானப்படை சொன்ன கணக்கு, 16,000 லிட்டருக்கு மேல் ஊற்றியது. நம் ஊரில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் இது ஒன்றரை லோடுகூட முழுசாக வராது. பல ஏக்கர் சரிவுக்கு ஒன்றரை லோடு தண்ணீர்.

அதற்காக ஹெலிகாப்டர் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆள் ஏற முடியாத பாறைச்சரிவில், தீயின் முன்விளிம்பைச் சில நிமிஷம் அடக்கிவைக்க அதைவிட்டால் வழியில்லை. ஆனால் அந்தச் சில நிமிஷத்தில் கீழே ஆள் போய் அடித்து அணைத்து, கங்குகளைக் கிளறி மண் போட்டால்தான் தீ செத்ததாக அர்த்தம். ஆள் போகாவிட்டால் தண்ணீர் ஆவியாகி, மத்தியானம் மறுபடி எரியும். முதல் நாளே ஏன் அனுப்பவில்லை என்பதற்கும் விடை இதில் இருக்கிறது: மாவட்ட ஆட்சியர் கேட்டு, மாநில அரசு கேட்டு, விமானப்படை ஒப்புதல் கொடுத்து, பக்கத்தில் ஆழமான நீர்நிலை பார்த்து, புகையும் காற்றும் அனுமதித்தால்தான் பறக்கலாம்.

2023 ஏப்ரலில் ஆலாந்துறை பக்கம், நாதேகவுண்டன்புதூரை ஒட்டிய மலையில் பல நாள் எரிந்த தீக்குச் சூலூர் ஹெலிகாப்டர் தண்ணீர் மொண்டது மலம்புழா அணையில். தீ தமிழ்நாட்டில், தண்ணீர் கேரளத்தில். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் 4,000 ஹெக்டேருக்கு மேல், அதாவது 10,000 ஏக்கருக்கு மேல் எரிந்தபோது கர்நாடகம் கேட்டு அங்கே பறந்ததும் சூலூரிலிருந்து போன ஹெலிகாப்டர்கள்தான். அந்த வாரத்தில் முதுமலைப் பக்கமும் தீ தாண்டியது. ஆக, மேலே வானத்தில் மாநிலங்களுக்கு இடையிலான உதவி ஏற்கெனவே நடக்கிறது. தரையில்தான் தடுமாறுகிறோம்.

## எல்லை எங்கே, சிக்கல் எங்கே

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். முதுமலை, பந்திப்பூர், வயநாடு, நாகரகொளே, சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலை எல்லாம் ஒரே காடு. 1986ல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 5,520 சதுர கிலோமீட்டர், மூன்று மாநிலத்திலும் பரவியது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் மட்டும் சுமார் 1,400 சதுர கிலோமீட்டர். தெற்கே ஆனைமலையும் பரம்பிக்குளமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, மேற்கே மதுக்கரைக் காடு வாளையாறோடும், ஆனைக்கட்டி அட்டப்பாடியோடும், வடக்கே பர்கூர் மலை மாதேஸ்வரன் மலையோடும். பல இடத்தில் எல்லை என்பது ஒரு பள்ளம், ஒரு கல், அல்லது ஒரு தீத்தடுப்புக் கோடு, அவ்வளவுதான்.

தரையில் வரும் சிக்கல்கள் இவை:

1. ஒரு பக்கக் கோடு. தமிழ்நாடு தையில் எல்லைக் கோட்டை முடித்துவிட்டு, அந்தப் பக்கம் மாசி நடுவில் ஆரம்பித்தால், இடைப்பட்ட வாரங்களில் கோட்டின் அகலம் பாதிதான். அந்தப் பக்கம் கோடு எரிக்கும்போது கைமீறினாலும் இங்கே காத்திருக்க ஆள் இருக்காது.

2. எதிர்த்தீ. பெரிய தீ வரும்போது அதற்கு எதிரே நாமே தீ வைத்து இடையிலுள்ள எரிபொருளைக் காலி செய்வது ஒரு முறை. எல்லைக்கு இந்தப் பக்கம் எதிர்த்தீ வைக்கும்போது அந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரியாவிட்டால் அவர்களை நடுவில் மாட்டிவிடுவோம். இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் வாக்கிடாக்கி அலைவரிசை வேண்டும்.

3. செயற்கைக்கோள் புள்ளி. டேராடூனிலுள்ள இந்திய வனஅளவைத் துறை செயற்கைக்கோள் பார்த்த வெப்பப் புள்ளிகளைக் குறுஞ்செய்தியாகச் சரகம், அதற்குள் ஒரு வனக்காப்பாளர் பொறுப்பிலுள்ள காவல்சுற்று வரை அனுப்புகிறது. யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அந்தப் புள்ளி உண்மையில் ஒரு கட்டம். மோடிஸ் கருவியில் பக்கத்துக்கு 1 கிலோமீட்டர், அதாவது 247 ஏக்கர். விர்ஸ் கருவியில் 375 மீட்டர், ஏறத்தாழ 35 ஏக்கர். எல்லையோரத்தில் புள்ளி தமிழ்நாட்டில் விழுந்தால் தீ கர்நாடகத்தில் இருக்கலாம், மாறியும் இருக்கலாம். தவிர, செயற்கைக்கோள் ஒரு நாளைக்குச் சில முறைதான் கடக்கிறது. மத்தியானம் கடந்துபோன பிறகு மூன்று மணிக்குப் பற்றிய தீ இரவுவரை அதன் கண்ணில் படாது. அதற்குள் அது மலை ஏறிவிடும். எல்லைக்கு அந்தப் பக்கக் கோபுரத்தில் நிற்கும் காவலர் கண்ணில்தான் முதலில் படும், அவரிடம் நம் பக்கக் காவலரின் போன் நம்பர் இருக்க வேண்டும்.

4. அதிகாரமும் பொறுப்பும். 1976ல் 42வது திருத்தம் காட்டைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனாலும் தினசரி நிர்வாகம் மாநில வனத்துறைதான். தமிழ்நாட்டுக்கு 1882ஆம் வருஷத்து வனச்சட்டம், கேரளத்துக்கு 1961, கர்நாடகத்துக்கு 1963. நம் வனவர் அந்தப் பக்கம் போய்த் தீயை அணைப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை, பல சமயம் போகவும் செய்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு தற்காலிகக் காவலருக்குக் காயம் பட்டால் பணியில் பட்ட காயமாக எந்த மாநிலம் எடுத்துக்கொள்ளும், யார் உத்தரவில் வேலை செய்தார், ஜீப்புக்கு டீசல் எந்தக் கணக்கில்? 2017ல் பந்திப்பூரில் தீயணைக்கப் போன ஒரு வனக்காப்பாளர் உயிரையே விட்டார். இது எழுதி வைக்க வேண்டிய விஷயம்.

2005ஆம் வருஷப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையம் இருக்கிறது. ஈரோட்டுக்கும் சாமராஜநகருக்கும், கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும், நீலகிரிக்கும் வயநாட்டுக்கும் தனித்தனி ஆணையம், தனித்தனித் திட்டம். ஆனால் காடு ஒன்று.

## எரிந்தால் யாருக்கு நஷ்டம்

எல்லைக்கு அப்பால் எரிவது அவர்கள் பாடு என்று நினைப்பவர்கள் தண்ணீரைப் பார்த்தால் போதும். கோயம்புத்தூர் குடிக்கும் சிறுவாணி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டக் காட்டுக்குள் இருக்கும் அணையிலிருந்து, 1973ஆம் வருஷத்து ஒப்பந்தப்படி வருகிறது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கேயம் வாய்க்கால்களில் ஓடும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) தண்ணீரில் பெரும்பங்கு பரம்பிக்குளம் காட்டுக்குள் சேர்வது, அதுவும் கேரளம். பவானி நீலகிரியில் பிறந்து, அட்டப்பாடிக்குள் போய்ச் சுற்றிவிட்டு, பில்லூரில் மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிறது. மாயாறு முதுமலையையும் பந்திப்பூரையும் பிரித்துக்கொண்டு ஓடி பவானிசாகரில் சேர்கிறது. கோபி, சத்தி, பவானி வட்டாரத்து நெல்லும் மஞ்சளும் அந்த அணையை நம்பித்தான்.

தரைச்செடியும் சருகும் எரிந்த சரிவில் மழைத்துளி நேராக மண்ணில் விழும். கடுமையாக எரிந்த இடத்தில் மேல்மண் தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிவிடும். முதல் கனமழையில் சாம்பலும் மண்ணும் சேர்ந்து ஓடைக்கு வரும், அங்கிருந்து அணைக்கு. பில்லூர் அணை ஏற்கெனவே வண்டலால் கொள்ளளவை இழந்து தவிக்கிறது. காட்டுத்தீ மட்டும் அதற்குக் காரணம் இல்லை, ஆனால் எரிந்த ஒவ்வொரு சரிவும் அந்த வண்டலில் தன் பங்கைச் சேர்க்கும். கூடவே ஊற்று. கோடையில் காடு மெல்ல விடும் தண்ணீர்தான் சித்திரையில் ஆற்றில் ஓடுவது. மண் இறுகினால் மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் வறட்சி.

## மற்றவர்கள் எல்லையை எப்படிச் சமாளித்தார்கள்

இந்தோனேசியாவில் காட்டையும், மட்கிய செடிகள் சேர்ந்த சதுப்புக் கரி நிலத்தையும் எரித்த புகை 1997ல் சிங்கப்பூர், மலேசியாவை மூச்சுத்திணற வைத்தது. 2002ல் ஆசியான் நாடுகள் எல்லை தாண்டும் புகைக்கென்றே ஓர் ஒப்பந்தம் போட்டன. இந்தோனேசியா அதை ஏற்றது 2014ல். அடுத்த வருஷமே, 2015ல், மிக மோசமான புகைகளில் ஒன்று. கையெழுத்து தீயைத் தடுக்காது. தீ வைக்கிற நிலத்தில் ஆள் மாறாதவரை புகையும் மாறாது.

ஐரோப்பா வேறு மாதிரி போனது. 2001லிருந்தே நாடுகளுக்கிடையே பேரிடர் உதவிக்கு ஒரு பொது ஏற்பாடு இருந்தது. 2017ல் போர்ச்சுகலில் ஒரே வருஷத்தில் 100 பேருக்கு மேல் காட்டுத்தீயில் செத்தார்கள், கேட்டபோது பல நாட்டு விமானங்கள் தங்கள் ஊர்த் தீயில் மாட்டியிருந்தன. அதற்கப்புறம் 2019ல் ரெஸ்க்இயூ என்று தனிக் கையிருப்பு உருவாக்கினார்கள். 2022லிருந்து ஒரு படி மேலே போய், கோடை தொடங்குமுன்னே மற்ற நாட்டுத் தீயணைப்பு வீரர்களைக் கிரீஸில் கொண்டுபோய் நிறுத்திவைக்கிறார்கள். தீ பிடித்த பிறகு கூப்பிடுவதில்லை. இதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

நம் பக்கமும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எல்லை வனச்சரகங்கள் சேர்ந்து கூட்டம் போடுகின்றன. 2024 மார்ச்சில் பந்திப்பூரில் கேரளமும் கர்நாடகமும் வனவிலங்கு மோதலைச் சமாளிக்க ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டன. அதே வருஷம் ஜூலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை மண்ணில் புதைந்தபோது சூலூர் ஹெலிகாப்டர்கள் அங்கேயும் போயின. மாநிலங்களுக்கிடையே பேச 1956ஆம் வருஷச் சட்டப்படி தென்மண்டலக் கவுன்சில் இருக்கிறது. அமைச்சர் மட்டத்தில் வாசல் திறந்தே இருக்கிறது. குறை காவல்சுற்று மட்டத்தில், தீக்கு முந்தைய மாதங்களில்.

## அப்படியானால் என்ன செய்யலாம்

செலவு அதிகம் பிடிக்காதவற்றை மட்டும் சொல்கிறேன்.

1. எல்லைக் கோட்டை ஒரே வாரத்தில் போடுவது. மார்கழி முடிவதற்குள் இரண்டு பக்கச் சரகர்களும் தேதி பேசி, ஒரே நாளில் இரண்டு பக்கமும் ஆளை நிறுத்தி எரித்தால் கோடு இரண்டு மடங்கு அகலமாகும், கைமீறும் ஆபத்தும் பாதியாகும்.

2. ஒரு தாள் போன் பட்டியல். எல்லையை ஒட்டிய ஒவ்வொரு காவல்சுற்றுக்கும் எதிர்ப்பக்கக் காவலர், வனவர், சரகர் எண்கள், பொது வாக்கிடாக்கி அலைவரிசை. வருஷாவருஷம் மார்கழியில் புதுப்பிக்க வேண்டும், ஏனென்றால் இடமாற்றத்தில் போன வருஷத்து எண் பாதி செல்லாது.

3. பொது வரைபடம். நீர்நிலை, ஜீப் பாதை, கோபுரம், கோடு எல்லாம் இரண்டு மாநிலத்துக்கும் ஒரே தாளில். புள்ளி எந்தப் பக்கம் விழுந்தாலும் 1 கிலோமீட்டருக்குள் இருந்தால் இரண்டு பக்கமும் கிளம்ப வேண்டும் என்று ஒரு விதி.

4. தற்காலிகக் காவலருக்குக் காப்பீடு, எந்த மாநில மண்ணில் காயம் பட்டாலும் செல்லுபடியாகும் வகையில். இதை முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்தால்தான் அவசரத்தில் யாரும் எல்லையில் நின்று யோசிக்க மாட்டார்கள்.

5. பழங்குடி இளைஞர்களை இரண்டு பக்கமும் ஒரே பயிற்சியில் உட்காரவைப்பது. ஆனைக்கட்டி இருளருக்கு அட்டப்பாடியில் உறவு, தாளவாடி மலைச் சோளகருக்குப் பிலிகிரிரங்கன் மலையில் உறவு, ஆனைமலைக் காடருக்குப் பரம்பிக்குளத்தில் உறவு. தாளவாடியில் இரண்டு பக்கமும் கன்னடம் பேசுகிறது. அதிகாரிகளுக்கு இடையே மொழி தடையாக இருக்கலாம், இவர்களுக்கு எல்லையே பழக்கமில்லை. மூன்று மாநில ஒத்துழைப்பு இவர்களிடமிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

மலையேற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், கேரள எல்லையை ஒட்டிய மலையில், தீயில் சிக்கி இறந்தவர்கள் 23 பேர். தீயில் சிக்கியவர்களில் ஈரோடு, திருப்பூரிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன, பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகள் மூடப்படுகின்றன. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் திறந்திருக்கும் பாதை வழியாக ஏறி இந்தப் பக்கம் இறங்குகிறவர்கள் இன்னும் உண்டு. மூடும் தேதியை மூன்று மாநிலமும் சேர்ந்து அறிவித்தால்தான் அதற்கு அர்த்தம்.

## புகை தெரிந்தால்

மலையடிவாரத்தில், மலைப்பாதையில் இருப்பவர்கள் கண்ணில்தான் புகை முதலில் படும். 112 அல்லது 101, இல்லாவிட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. எல்லையோரத்தில் கூப்பிட்டால் போன் பக்கத்து மாநிலக் கோபுரத்தைப் பிடித்து, அழைப்பு அங்கே போய்விடக்கூடும். அதனால் முதலில் எந்த மாநிலம், எந்த ஊர் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் புகை எந்த மலை, எந்தத் திசை, வெள்ளைப் புகையா கறுப்பா, மேலே ஏறுகிறதா பக்கவாட்டில் ஓடுகிறதா, பக்கத்தில் வண்டி போகும் பாதை இருக்கிறதா என்று சொன்னால் சரகத்தில் எந்த ஆளை எந்த வழியாக அனுப்புவது என்று முடிவு செய்துவிடுவார்கள். போனில் இருப்பிடத்தைப் பகிர முடிந்தால் பகிருங்கள், ஆனால் நீங்கள் நிற்கும் இடம் தீ இருக்கும் இடம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படம் எடுக்க மேலே ஏறாதீர்கள். தீ உங்களுக்குக் கீழே இருந்தால் சரிவை விட்டுப் பக்கவாட்டில் விலகி, ஏற்கெனவே எரிந்து கறுத்த தரைக்கோ வெற்றுப் பாறைக்கோ போய்விடுங்கள்.